துறை கடக்க வேண்டிய படிப்பு

(செங்கலடியில் நடைபெற்ற சங்கக் கல்விக் கூட்டத்தில் ஆசிரியத் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நாம் வந்த வீதியைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா என்று இறங்கி வருகிற ஏ5 வீதி இந்தச் செங்கலடியில்தான் முடிகிறது. 1977இலும் 1983இலும் லயங்கள் எரிந்தபோது நம்மவர்கள் மூட்டை முடிச்சோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். சில குடும்பங்கள் இந்தப் பக்கமும் இறங்கின. பின்வரிசையில் இருக்கிற பெரியவர்களுக்கு இதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அன்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிய வீதியில் இன்று பிள்ளைகளின் பெறுபேற்றுத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறோம்.

வரும் வழியில் பஸ்ஸில் ஓர் அக்கா கேட்டார்: "வாத்தியார், எம்மகளுக்கு ஓ.எல்.ல கணக்கு போயிருச்சு. இனி கொழும்புக் கடைக்குத்தான் அனுப்பணுமா?" பஸ்ஸில் இருந்த பாதிப் பேர் மனதில் இருந்த கேள்வி அது. அந்த அக்காவுக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பேச்சு. பதிலைக் கடைசியில் சொல்கிறோம். அதற்கு முன் இந்த ஊரின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள், ஏனென்றால் அது நம்முடைய கதையும்தான்.

மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளம். வாவிக்கும் கடலுக்கும் இடையில் இருப்பது எழுவான்கரை, சூரியன் எழுகிற கரை. வாவிக்கு மேற்கே வயலும் மாடும் காடுமாகக் கிடப்பது படுவான்கரை. இந்த மாவட்டத்தின் பெரிய பாடசாலைகள் எந்தக் கரையில் எழுந்தன என்று பாருங்கள். 1814இல் மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த பாதிரியார் ஓராண்டு முடியுமுன்பே 1815இல் இங்கே இறந்துபோனார். ஆனால் அவர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. பெண்பிள்ளைகளுக்கு வின்சென்ற் 1820இல் வந்தது. புனித மிக்கேல் கல்லூரி 1873இல். விபுலானந்த அடிகளார் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை 1929இல் தொடங்கினார். நம் பாட்டன் பூட்டன் கொழுந்துக் கூடையோடு மலையேறிய காலத்தில் இங்கே இவ்வளவும் நடந்துவிட்டது. ஆனால் எல்லாம் நகரத்துப் புளியந்தீவிலும் கல்லடியிலும். படுவான்கரைப் பிள்ளை இவற்றைத் தண்ணீருக்கு அப்பால் இருந்து பார்த்தது.

நாங்கள் சிலர் பதுளையிலிருந்து தாழங்குடாவுக்கு வந்து, மட்டக்களப்பு தேசிய கல்வியியற் கல்லூரியில் படித்தோம். அந்தக் காலத்தில் மண்முனைத் துறையில் பாலம் கிடையாது. இந்த ஊரில் 'பாதை' என்றால் ரோட்டு அல்ல. ஆளையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவைக்குத்தான் அந்தப் பெயர். கற்பித்தல் பயிற்சிக்கு அக்கரைப் பாடசாலைக்குப் போகும் நாளில் பாதைக்குக் காத்து நிற்போம். மாரி காலத்தில் காற்று எழும்பினால் முதலாம் பாடம் போயே போய்விடும். அதிபர் ஒன்றும் சொல்லமாட்டார், அவரும் அதே பாதையில்தான் வந்திருப்பார். பிள்ளைகள் மட்டும் நேரத்துக்கு வந்து வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தார்கள். கல்வித் திணைக்களம் போட்ட எத்தனையோ சுற்றறிக்கையைவிட அந்தப் பாலம் படுவான்கரைப் பிள்ளைக்குச் செய்தது அதிகம் என்றுதான் நாம் நினைக்கிறோம். தெற்கே குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் போகிறவர்களைக் கேட்டால் பாதையின் கதையை இன்னும் விரிவாகச் சொல்வார்கள்.

நமக்கு வாவி இல்லை, மலை இருக்கிறது. டிவிசன் பாடசாலை ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும் தோட்டங்கள் எத்தனை! அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் மழையில் நனைந்து டவுனுக்குப் போக வேண்டும். கன்னங்கரா அவர்கள் கொண்டுவந்த இலவசக் கல்வி 1945இல் தொடங்கியது என்று எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. நாமும் வகுப்பில் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் அன்றைக்குத் தோட்டப் பாடசாலை தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு, 1970களின் பிற்பகுதியிலிருந்துதான் பாடசாலைகளையும் படிப்படியாகக் கையேற்றார்கள். நாட்டுக்குக் கிடைத்தது நமக்கு வந்துசேர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நம் அம்மாமார் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைத்துச் சம்பளம் வாங்கியது அவர்களுடைய மூளைக் குறைவால் அல்ல.

இனி, இருக்கிற வழிகளைப் பார்ப்போம். அரசாங்கப் பாடசாலையில் தொடங்குவோம். பெரிய பெயருள்ள பள்ளி என்றால் பெரிய காசு என்று நம்மவர்கள் பயந்து ஒதுங்குகிறார்கள். சற்று முன் சொன்ன நான்கும் இன்று தேசிய பாடசாலைகள், அரசாங்கப் பாடசாலைகள். 1960இலும் 1961இலும் வந்த சட்டங்களுக்குப் பிறகு உதவி பெற்ற பாடசாலைகளில் பெரும்பகுதி அரசாங்கத்தின் கீழ் வந்துவிட்டது. ஆறாம் வகுப்புக்குப் புலமைப்பரிசில் புள்ளியும், உயர்தரத்துக்கு ஓ.எல். பெறுபேறும்தான் வாசல். மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, கல்குடா, பட்டிருப்பு என்று மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள். இவற்றில் மேற்கு வலயம்தான் படுவான்கரை. பதுளை வீதியில் இருக்கிற பெற்றோர் தங்கள் பாடசாலை எந்த வலயத்தில் வருகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் இல்லை என்று மனுக் கொடுக்கும்போது தப்பான கதவைத் தட்டினால் மூன்று மாதம் வீண்.

கட்டாயக் கல்வி வயதை 2016இல் 16 வரை உயர்த்தியிருக்கிறார்கள். தரம் 9இல் பிள்ளையை நிறுத்தி மலைக்கோ கடைக்கோ அனுப்புவது இப்போது வெறும் பாவம் மட்டுமல்ல, சட்டப்படி குற்றமும்கூட. இதைச் சொன்னால் சில அண்ணன்மாருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

உயர்தரத்தில் கலைப் பிரிவு மட்டும்தான் நமக்கு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. தொழில்நுட்பப் பிரிவு 2013இல் வந்தது. பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு 40 இடம் நாடு முழுவதற்கும் திறமை வரிசையில், 55 இடம் மாவட்ட வாரியாக, மிச்சம் 5 கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய பட்டியலில் பதுளை, நுவரெலியா, மட்டக்களப்பு மூன்றும் இருக்கின்றன. பெருமைப்பட ஒன்றுமில்லை, ஆனால் சலுகை இருப்பது தெரியாமல் இருப்பது அதைவிடக் கேடு. காலையில் நாம் பார்த்த வந்தாறுமூலை வளாகம் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. 1990இல் அதே வளாகம் அகதி முகாமாக இருந்தபோது, செப்டம்பர் 5ஆம் திகதி 158 பேரை அங்கிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. அந்த மரங்களின் கீழ் பிள்ளைகள் இன்று குறிப்பெடுத்துக்கொண்டு இருப்பதைப் பார்த்தபோது நம்மில் யாருக்கும் சட்டென்று பேச்சு வரவில்லை.

ஆசிரியராக விரும்புகிற பிள்ளைக்குக் கல்வியியற் கல்லூரி இருக்கிறது. இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி. ஏ.எல். பெறுபேறு வந்த பிறகு வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தாழங்குடாவுக்கு முதல் நாள் வந்தபோது நாங்கள் பயந்த பயம் கொஞ்சமல்ல. கடலையே பார்த்திராத பிள்ளைகள் நாங்கள். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன மனே, சாப்பிட்டியா?" என்று கேட்டார். மகனையும் மகளையும் இந்த ஊரில் ஒரேபோல 'மனே' என்றுதான் கூப்பிடுவார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. பெண்பிள்ளைகளைத் தூரத்துக்கு அனுப்பத் தயங்குகிற அம்மாமாருக்காக இதைச் சொன்னோம்.

இனித் தனியார் படிப்பு. இங்கேதான் நம் காசு கரைகிறது. ஏ.எல். என்றால் டியூசன் என்று ஆகிவிட்டது. மூன்று பாடத்துக்கு மாதம் எவ்வளவு என்று கேட்டு, அதை நாட்சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. ஒரு பாடத்துக்கு எத்தனை பேர் போட வேண்டும், அதில் அரைப்பேர் விழுந்த நாட்கள் எத்தனை என்று கணக்குப் பார்த்தால் தலை சுற்றும். டியூசனே வேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆசிரியரே இல்லாத பாடத்துக்குப் பிள்ளை வேறு எங்கே போகும்? ஆனால் அந்த ஆசிரியரைப் பாடசாலைக்குக் கொண்டுவரப் போராடுவதும் சம்பளப் போராட்டம்தான். ஒவ்வொரு வெற்றிடமும் நம் சட்டைப் பையிலிருந்துதான் நிரப்பப்படுகிறது.

அடுத்தது டிப்ளோமாக் கடைகள். எங்கள் தோட்டத்து அப்பா ஒருவர் தன் சேமலாப நிதியை எடுத்து மகளை ஒரு நிறுவனத்தில் சேர்த்தார். பெயர் சொல்லப் போவதில்லை. ஒரு வருடம் படிப்பு, மேலங்கி போட்டுப் பட்டமளிப்பு, படம், எல்லாம் நடந்தது. வேலைக்கு விண்ணப்பித்தபோது பதிவு இலக்கம் கேட்டார்கள், இருக்கவில்லை. அந்தச் சான்றிதழ் இன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் லயத்துச் சுவரில் தொங்குகிறது. அந்த அப்பா முப்பது வருடம் உழைத்ததும் அந்தச் சட்டத்துக்குள்தான் இருக்கிறது.

ஆகவே காசு கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதியப்பட்டதா? பதிவு இலக்கம் என்ன? இது முதற் கேள்வி. இந்தக் குறிப்பிட்ட பாடநெறிக்கு என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமை அங்கீகாரம் உண்டா, எத்தனையாம் மட்டம்? இது இரண்டாவது. இரண்டும் வேறு வேறு விஷயம். நிறுவனம் பதிவாகியிருக்கும், நீங்கள் காசு கட்டுகிற பாடநெறிக்கு அங்கீகாரம் இருக்காது. முன்மேசையில் இருக்கிற பிள்ளை அழகாகச் சிரித்து முதலாவதற்கு மட்டும் பதில் சொல்லும். இரண்டாவதையும் விடாமல் கேளுங்கள். உங்களுக்குக் கேட்கக் கூச்சமாக இருந்தால் தாளைச் சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள், நாம் ஆணைக்குழுவில் பார்த்துச் சொல்கிறோம்.

தனியார் என்றால் எல்லாம் வியாபாரம் என்றும் சொல்லக் கூடாது. இந்த மட்டக்களப்பில் இயேசு சபையினர் நடத்திய கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஏழைப் பிள்ளைகள் கைத்தொழில் படித்தார்கள். அதன் பொறுப்பாளராக இருந்த அமெரிக்கப் பாதிரியார் யூஜின் ஹேபியர் மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்தும் பழக்கியவர். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் திரும்பும்போது, பின்னால் இருந்த இளைஞரோடு சேர்த்துக் காணாமற்போனார். ஊர்க்காரர் இன்றும் அவரைச் சொல்கிறார்கள்.

இப்போது பிள்ளைகள் கொஞ்சம் வெளியே போய் விளையாடலாம். இனிப் பேசப்போவது உங்களைப் பற்றி, அப்பா அம்மாமாரைப் பற்றி.

எங்கள் ஸ்டோரில் ஒரு அண்ணன் இருக்கிறார். இருபத்தைந்து வருடம் ரோலர் மெசினைக் கழற்றிப் பூட்டியவர். சத்தத்தைக் கேட்டே எந்த பெயாரிங் போகப்போகிறது என்று சொல்வார். மேலே ஒரு வேலை வெற்றிடம் வந்தது. அண்ணனிடம் வேலை பழகிய ஒரு தம்பிக்கு அது கிடைத்தது, தம்பியிடம் தாள் இருந்தது. அண்ணன் குறை சொல்லவில்லை. "எங்கிட்ட கையிதான் இருக்கு, காயிதம் இல்லையே" என்றார். தாளில்லாத அந்தக் கைக்குத் தாள் எடுத்துக் கொடுக்க இந்த நாட்டில் ஒரு வழி இருக்கிறது, நம் தோட்டங்களில் பத்தில் ஒருவர் அதை அறிந்திருந்தால் ஆச்சரியம். முன்னனுபவக் கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். ஆர்.பி.எல். என்பார்கள். வகுப்புக்குப் போகத் தேவையில்லை. நீங்கள் இந்த வேலையை இத்தனை வருடம் செய்தீர்கள் என்பதற்குக் கடிதம், படம், செய்த வேலையின் விபரம் எல்லாவற்றையும் ஒரு கோவையாகச் சேர்க்க வேண்டும். மதிப்பீட்டாளர் வந்து கேள்வி கேட்பார், வேலையைச் செய்து காட்டச் சொல்வார். தேறினால் அந்தத் தொழிலுக்குரிய என்.வி.கியூ. சான்றிதழ். மேசன், மின்வேலை, வெல்டிங், இயந்திரம் பூட்டுவது, தையல், சமையல் என்று நம்மவர்கள் கைவைக்கிற தொழில் பலவற்றுக்கும் இது உண்டு. தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும், நைட்டா என்கிற பயிலுனர் பயிற்சி அதிகாரசபையிலும் விசாரிக்கலாம்.

இதில் நமக்கு ஒரு வழக்கு இருக்கிறது. மதிப்பீட்டாளர் தமிழில் கேட்க வேண்டும். படிவம் தமிழில் இருக்க வேண்டும். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுத் தொழிலாளி டவுனுக்கு வருவதைவிட, பத்துப் பேர் சேர்ந்தால் மதிப்பீட்டாளர் தோட்டத்துக்கு வர வேண்டும். அன்றைய பேரை நிர்வாகம் வெட்டக் கூடாது. இதைக் கூட்டு ஒப்பந்தப் பேச்சிலே வைக்க வேண்டும் என்று எங்கள் கல்விக் குழு சங்கத்துக்கு எழுதியிருக்கிறது. சங்கம் இன்னும் பதில் தரவில்லை. தலைவர் மேடையிலேயே இருக்கிறார், அதனால்தான் சத்தமாகச் சொல்கிறோம்.

எழுத்து வாசிப்பே சிரமம் என்கிறவர்களுக்கு வலயக் கல்வி அலுவலகங்களில் முறைசாராக் கல்விப் பிரிவு இருக்கிறது. ஊரில் இருபது பேர் சேர்ந்து கேட்டால் வகுப்பு வைக்கச் சொல்லிப் போராடலாம். ஓ.எல். எழுதாமல் விட்டவர் எந்த வயதிலும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். மகளும் அம்மாவும் ஒரே மண்டபத்தில் எழுதினால் சிரிப்பார்கள் என்றால் சிரித்துவிட்டுப் போகட்டும். திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில் நிலையம் இருக்கிறது. ஏ.எல். சித்தி இல்லாதவர்கள்கூட அங்கே அடிப்படைப் பாடநெறியில் தொடங்கி மேலே ஏற வழி உண்டு. கட்டணம் உண்டு, அதையும் மறைக்கவில்லை.

வெளியிலிருந்து பரீட்சை எழுதுகிறவரைக் குறைவாக நினைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இந்த மண் பெற்ற பெரிய அறிஞர் விபுலானந்தர், காரைதீவில் மயில்வாகனமாகப் பிறந்தவர். ஆசிரியப் பயிற்சி முடித்து, கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் படித்து, 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையில் தேறி, லண்டன் பட்டத்தை வெளிவாரியாக எழுதி எடுத்தார். அவர்தான் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் அவரே. தொழில்நுட்பக் கல்லூரி என்றால் படிக்காத பிள்ளை போகிற இடம் என்று சொல்கிற பெரியப்பாமாருக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

சரி, பஸ்ஸில் கேட்ட அக்காவுக்கு வருவோம். மகளுக்குக் கணக்கு மட்டும்தானே போயிருக்கிறது. அடுத்த ஓ.எல்.லில் அந்தப் பாடத்தை மட்டும் எழுதட்டும், வாரம் இரண்டு மாலை நாங்கள் சொல்லிக் கொடுக்கிறோம், காசு வேண்டாம். அதுவரை வீட்டில் இருக்கவும் தேவையில்லை. 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தில், ஓ.எல். சித்தி பெறாவிட்டாலும் தெரிவுசெய்த பாடசாலைகளில் தரம் 12இல் தொழிற்பாடம் படிக்கலாம். பக்கத்தில் எந்தப் பாடசாலையில் இருக்கிறது என்று நாளைக்கே வலயத்தில் கேட்டுச் சொல்கிறோம். அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்களில் கணக்குச் சித்தி கேட்காத பாடநெறிகளும் இருக்கின்றன. மகளுக்கு என்ன விருப்பம் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை என்றால், போகும்போது பஸ்ஸில் கேளுங்கள், பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தது.

இதிலெல்லாம் நம்மைத் தடுப்பது கட்டணத்தைவிடப் பஸ் காசும், தங்க ஒரு இடமும், கூடப் போய் விசாரிக்க ஓர் ஆளும்தான். மூன்றுக்கும் சங்கம் பொறுப்பெடுக்க முடியும். சந்தாவிலிருந்து பயணச் செலவுக்கு ஒரு சிறு தொகை ஒதுக்கும் தீர்மானம் இன்றைய கூட்டத்துக்கு வருகிறது. மட்டக்களப்பில் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு முதல் மாதம் தங்க இடம் கொடுக்க, பதுளை வீதியிலிருந்து வந்திருக்கிற இரண்டு குடும்பங்கள் இப்போதே கை தூக்கியிருக்கின்றன. அவர்களுடைய பிள்ளைகள் மேலே வந்தால் நாம் வைத்துக்கொள்கிறோம்.

ஆர்.பி.எல்.லுக்குப் பெயர் கொடுக்கிற தாள் மாதர் தலைவியிடம் இருக்கிறது. பெயர், அடையாள அட்டை இலக்கம், செய்கிற வேலை, எத்தனை வருடம், அவ்வளவுதான். எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்கள் எழுதித் தருகிறோம். ஸ்டோர் அண்ணனின் பெயரை அவரைக் கேட்காமலே முதலாவதாகப் போட்டுவிட்டோம், கோபித்தால் பிறகு சமாளித்துக்கொள்ளலாம். பஸ் நாலரைக்கு. மகா ஓயாவில் தேத்தண்ணிக்கு நிற்கும்.